மகிழமரம் பற்றி ஒரு வரி

"தோட்டத்து மகிழமரம் புயலில் சாய்ந்தது" என்று சபாவின் ஆண்டிறுதி மடலில் எழுதியவர் செயலாளர் சௌந்தரராஜன். அந்த மரத்திலிருந்து விடாமல் 'குக், குக்' என்று கத்தும் குக்குறுவான் பறவை கச்சேரி ஒலிப்பதிவைக் கெடுக்கிறது என்று மரத்தை வெட்டச் சொன்னவரும் அவர்தான்.

அச்சான மடலோடு தோட்டக்காரர் அந்தோணி வந்தார். "புயலா சார்? அப்ப நான் வெட்டினது எந்த மரம்?"

"உன் பேரு கெட வேண்டாம்னுதான்பா."

"என் பேரா?" அந்தோணி சிரித்துவிட்டார்.

உள்ளே காலைக் கச்சேரி தொடங்கியிருந்தது. வீணை வாசித்த கோமளவல்லி, வருடாவருடம் செய்வதுபோல், ஆலாபனை நடுவே அந்தப் பறவைக்கு இடம்விட்டு விரல்களை நிறுத்தினார். நாற்பது பேரும் புன்னகையோடு ஜன்னல் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்கள். வாசலில் நின்ற சௌந்தரராஜனால் தலைநிமிர முடியவில்லை. ஒலிப்பதிவுக் கருவி அந்த அமைதியைத் துல்லியமாகப் பதிவுசெய்துகொண்டிருந்தது.