சாம்பல் நிறத் துண்டு

எரிமலை சாம்பலைக் கக்கத் தொடங்கியதும் ஊரைக் காலிசெய்ய ஒரே ஒரு பேருந்து வந்தது. மாசிலாமணி ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம்பிடித்துவிட்டுத்தான் ஏறினான். எல்லாரும் அப்படியே. உள்ளே போனால், கொட்டிய சாம்பலில் அத்தனை துண்டும் ஒரே நிறம். அடுத்தவர் துண்டு போட்ட இடத்தில் உட்கார்வதாவது! ஏறியவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

"உக்காருங்கய்யா! அப்பத்தானே மிச்ச சனம் ஏறும்? நெருப்பு எறங்கி வருது!" என்று கத்தினார் ஓட்டுநர்.

"இருங்கண்ணே. நாளைக்கு ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க வேணாமா?" என்ற மாசிலாமணி, ஒரு துண்டை எடுத்து ஊதினான். சிவப்புக் கரை. அவனுடையது பச்சை. மரியாதையாக மடித்து அங்கேயே வைத்தான்.

மலை உறுமியது. அடுத்த துண்டை எடுத்து ஊதினான்.