கூடைக்காரிக்கு என்ன கிடைத்தது?

"ஏம்மா, உன்னை யாரு எழுந்திரிக்கச் சொன்னது? உக்காரு முதல்ல!"

நூலகர் பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டினார். அதுவரை வாசகர் கூட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேடையில் பரம்பரை ஆலை முதலாளி. ஒரு பழைய நாவலைத் தன் செலவில் மறுபதிப்புப் போட்டுவிட்டு, அதைப் பற்றிப் பேசவும் வந்திருந்தார். நூலகத்தின் ஒழுகுகிற கூரையை மாற்றித் தருவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். மழைக்கு முன் அது நடக்காவிட்டால் குழந்தைகள் பிரிவையே மூட வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்தா எதிர்த்தெரு இஸ்திரிக்கடைக்காரம்மா எழுந்து நிற்க வேண்டும்? இத்தனை வருடத்தில் ஒரு கூட்டத்துக்காவது எட்டிப் பார்த்தவளா?

"ஒரே ஒரு கேள்வி சார். கதையில அந்தக் கூடை முடையறவ, யாரோ பெத்த பிள்ளையைத் தூக்கி வளர்க்கறா. கடைசியில அவன் பெரிய எஸ்டேட்டுக்கு வாரிசுன்னு தெரிஞ்சு பங்களாவுக்குப் போயிடறான். சரி, மகராசனா போகட்டும். வளர்த்த கூடைக்காரிக்கு என்ன கிடைச்சுது?"

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. மைக்கைச் சரிசெய்துகொண்டு பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"கூடைக்காரி ஒரு துணைப் பாத்திரம், அவ்வளவுதான். இது வாரிசோட கதை. ரத்தம் தன்னோட இடத்தைத் தேடிப் போகுது பாருங்க, அதுதான் இந்த நாவலோட அழகு. அவ வேலை வளர்க்கறது. வளர்த்தாச்சு, வேலை முடிஞ்சுது."

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. கூரை போட்டுத் தரப்போகிறவர் பேசினால் தட்டாமல் இருக்க முடியுமா?

"வேலையா?" இஸ்திரிக்கடைக்காரம்மாவின் குரல் உயர்ந்தது. "அவன் காய்ச்சல்ல கிடந்தப்போ கண்ணு மூடாம உக்காந்திருந்தாளே, அதுவும் வேலையா? தன் வயித்தைக் காயப்போட்டு அவனுக்கு ஊட்டினது எந்தக் கணக்குல சேரும்? கடைசி அத்தியாயத்துல பங்களா நாய்க்குக்கூட ரெண்டு வரி இருக்கு சார்! அவ செத்தாளா பொழைச்சாளான்னு ஒரு வரி இல்லையே. உங்களுக்கெல்லாம் அது உறுத்தவே இல்லையா?"

முதலாளி தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு நூலகர் பக்கம் குனிந்து, "இந்த மாதிரி ஆளுங்க இருக்கற இடத்துல என்னால பேச முடியாது. கிளம்பட்டுமா?" என்றார்.

நூலகருக்குக் கூரை கண்ணெதிரே பறந்துகொண்டிருந்தது. விறுவிறுவென்று கடைசி வரிசைக்குப் போய், அவள் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"அறிவிருக்கா உனக்கு? ஒரு கதையைக் கதையாப் பார்க்கத் தெரியாதா? எப்பேர்ப்பட்ட மனுஷர், அவரைப் போய் நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறே! துணி தேய்க்கறவளுக்கு நாவல் ஒரு கேடா?"

வாய்தவறி வந்துவிட்டது. ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

அவள் மூலையில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். கூடத்துக்குள் முதலாளி விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தார். வாரிசுரிமையைப் பற்றி ஏதோ சொல்ல, கூட்டம் மறுபடியும் தட்டியது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கேள்வி என்னோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"நான் வளர்த்த பிள்ளையோடது. பத்து வயசுல என் இஸ்திரி மேஜைக்கு அடியில படுத்து இந்தக் கதையைப் படிச்சிட்டு, 'கூடைக்காரிக்கு என்னம்மா கிடைச்சுது'ன்னு தேம்பித் தேம்பி அழுதான். பாட்டனோட கார் வந்து அவனை ஏத்திக்கிட்டுப் போறதுக்கு முந்தி. அன்னைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல." அவள் மேடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்கு அவனே சொல்லிட்டான்."