மெயினை அணைத்த பிறகும்

மெயின் சுவிட்சை இறக்கியாயிற்று. ஃபிரிட்ஜ் ஒரு முனகலோடு அடங்கியது. ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

மீட்டரில் இருந்த சிவப்புப் பொட்டு விளக்கு மட்டும் விடாமல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் பின்மண்டையைச் சொறிந்தான். "அக்கா, வீட்டுல ஒண்ணுமே ஓடல. ஆனா கரண்ட் போயிட்டே இருக்கு."

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். புதிதாக வாங்கிய மின்சாரக் கார் கூரையில் பயிற்சிப் பலகையோடு வாசலில் நின்றது. பொழுது விடிந்தால் கற்றுக்கொள்ள ஆள் வந்துவிடும். அதற்குள் வண்டிக்கு வயிறு நிரம்பியாக வேண்டும்.

சாதாரண பிளக்கில் செருகும் சின்ன சார்ஜர் விடிய விடிய ஏற்றினாலும் அரை வயிறுதான். சுவரில் மாட்டும் பெரியது மளமளவென்று ஏற்றிவிடும். விலைதான் யானை விலை. அதில் பாதியை மின்சாரக் கம்பெனியே திருப்பித் தருகிறது என்று தெரிந்த அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள்.

கம்பெனிக்காரர்கள் ஒன்றுதான் கேட்டார்கள். அவர்கள் அனுப்பும் எலக்ட்ரீஷியன் வந்து, வீட்டு வயரிங் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

"சின்னதே போதுமே, எதுக்கு வம்பு?" சார்ஜர் பேச்சை எடுத்த நாளிலிருந்து கணவருக்கு இதே பாட்டுதான். எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அவர் இப்படித்தான் என்று அவளும் காதில் வாங்கவில்லை.

எலக்ட்ரீஷியன் டார்ச்சை அடித்து மீட்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். மெயினுக்கு முன்னாலேயே ஒரு சாம்பல் நிற ஒயர் பிரிந்து போயிருந்தது. சுவரோரமாக இறங்கி, தோட்டத்துக் குழாயை ஒட்டியே ஓடி, மதில் சுவரின் அடியில் ஒரு துளைக்குள் நுழைந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் கொழுந்தன் வீடு.

ஒரே வீடாக இருந்ததுதான். பாகம் பிரித்த நாளில், குடும்பத்தைப் பிரிக்க வந்தவள் என்று கொழுந்தன் நாலு பேர் முன்னால் அவளைச் சொல்லிவிட்டான். நடுவில் சுவர் எழுப்பினால்தான் ஆச்சு என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"திருட்டுக் கரண்டா?" அவளும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "நம்ம வீட்டுலயேவா? பிடுங்கு தம்பி! முதல்ல அந்த ஃப்யூஸைப் பிடுங்கு!"

அவன் மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த ஃப்யூஸில் கை வைத்தான்.

"கையை எடுடா!"

தெருநாயைக்கூட அதட்டத் தெரியாத மனுஷன் அவள் கணவர். அவர் போட்ட சத்தத்தில் எலக்ட்ரீஷியன் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டான்.

அவர் ஓடிவந்து மீட்டர் பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"அதைப் பிடுங்கினா அவன் செத்துடுவான்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான்தான் ஒயர் இழுத்தேன். ஊருக்குப் போறப்பல்லாம் நீ மெயினை அணைச்சிடுவியே, அதான் அதுக்கு முன்னாடியே எடுத்தேன்." மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். தம்பிக்கு நுரையீரல் போய்விட்டது. காருக்குப் பெயிண்ட் அடித்த வேலை அவனிடம் வாங்கிக்கொண்ட கூலி அது. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. வேலையும் போய், பில் கட்ட வழியில்லாமல் போகவே வீட்டுக் கரண்டையும் நிறுத்திவிட்டார்கள். "அவன் பொண்டாட்டி வேலைக்குப் போயிருக்கா. இப்ப மெஷின் நின்னா சிலிண்டரைத் திறந்துவிடக்கூட அங்க ஆள் இல்ல."

எலக்ட்ரீஷியன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

ஒரு சுவர் தள்ளி ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவித்திருக்கிறான். அவளுக்கு ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ரேடியோவைச் சத்தமாக வைத்திருப்பாள்.

செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். "இங்க பாரு, அவனை ஒண்ணும் சொல்லிடாத," என்று கணவர் பின்னாலேயே வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கொழுந்தன் வீட்டுக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜன்னலையெல்லாம் திரை போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே ஒரே இருட்டு. ஒரு மூலையிலிருந்து மெஷினின் உறுமல் மட்டும் வந்தது. ஒரே வீடாக இருந்த காலத்துப் பழக்கத்தில் அவள் கை தானாகவே சுவரில் சுவிட்சைத் தேடிப் போட்டது.

விளக்கு எரியவில்லை.

இன்னொன்றைப் போட்டாள். அதுவும் இல்லை.

"லைட்டு வராது அண்ணி." கட்டிலிலிருந்து குரல் வந்தது. நடையை வைத்தே கண்டுகொண்டான் போலிருக்கிறது. மூக்கில் குழாயோடு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று பேசினான். "அண்ணன் லைட்டுக்கும் சேர்த்துத் தர்றேன்னுதான் சொன்னார். கரண்ட் நிறுத்தின வீட்டுல வெளிச்சம் தெரிஞ்சா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நாங்கதான் வேணாம்னுட்டோம்."

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.