அதே மாடல்

மரகதத்தின் கணவருக்குள் இருந்த செயற்கை இதயத்தை ஓட்டியது அவர் இடுப்பில் கட்டியிருந்த பெட்டிதான். காலையில் அது கருகிவிட்டது. கோவையில் இவ்வளவு பழைய பெட்டியைத் தொடுகிற ஒரே ஆள் சகாயமேரி. மரகதம் கடைக்குக் கொண்டுவந்த பெட்டியிலிருந்து கருகிய கடுகளவு பாகத்தை எடுத்து, அவள் லென்ஸுக்கடியில் புரட்டினாள்.

"மேல மூணு எழுத்துதானுங்க்கா இருக்குது. இதே எழுத்துல நாலு வகை பார்ட் வந்துது. கம்பெனி மூடுனப்ப, எந்தப் பெட்டிக்கு எதுங்கிற லிஸ்டையும் அழிச்சுட்டாங்க. தப்பானதைப் போட்டா, மாட்டுன உடனே அவரு போயிருவாரு."

"அவரை ஆஸ்பத்திரி மெஷின்ல சாயங்காலம் வரைக்குந்தான் வெச்சிருப்பாங்களாம் அம்மணி. வேற வழியே இல்லீங்களா?"

"இதே மாடல்ல ஓடிக்கிட்டிருக்கிற பெட்டியைத் திறந்து, ஓட ஓட அளந்தாத் தெரியும். ஊசி ஒரு முடியளவு நழுவுனா அதுவும் கருகிரும். கட்டியிருக்கிறவங்க உசுரும் போயிரும். யாருங்க்கா சம்மதிப்பாங்க?"

"யாருகிட்ட இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

"இந்த ஊருல யாருகிட்டயும் இல்லீங்க்கா."

அப்போது கரண்ட் போனது. கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறி மெல்ல நின்றது. அதன் பிறகுதான் மரகதத்துக்கு அந்த ரீங்காரம் கேட்டது. பதினோரு வருடம் கணவருக்குப் பக்கத்தில் படுத்துக் கேட்ட அதே சத்தம். அது சகாயமேரியின் இடுப்பிலிருந்து வந்தது.

சகாயமேரி சட்டென்று முந்தானையை இழுத்து இடுப்பை மூடினாள்.

மரகதம் எழுந்துபோய்க் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, திரும்ப வந்து செல்போன் டார்ச்சை மேசைமேல் அடித்தபடி உட்கார்ந்தாள்.

"நிதானமா அளங்க அம்மணி. சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்குது."