சங்கத் தலைவரிடம் ஒரு புகார்

அக்கம்மாள் எட்டி என் ஜீப்பின் சாவியை உருவிக்கொண்டாள்.

காலை ஆறரை மணி. கம்பம் ஜீப் ஸ்டாண்டில் அத்தனை டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குள் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள். அக்கம்மாளும் அவர்களில் ஒருத்திதான். ஒருத்திகூட அவளைத் தடுக்கவில்லை.

"தம்பி, இன்னைக்கு நீங்க வண்டி எடுக்க வேணாம். நேத்து நாலாவது வளைவுல கண்ண மூடிட்டீக. நான் தோளத் தட்டலேன்னா எல்லாரும் பள்ளத்துலதான் கெடந்திருப்போம்."

கண்ணில் தூசி விழுந்தால் மூடத்தான் செய்வார்கள்.

பதினாறு வருஷமாகக் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்குகிறேன். வண்டியில் ஒரு கீறல் உண்டா? குடிப்பதில்லை. பீடி, சிகரெட் கிடையாது. ஸ்டாண்டில் பாதிப் பேர் நடுச்சாமம் வரை செல்போன் பார்த்துவிட்டுக் கண் சிவந்து வருகிறவர்கள். நான் ஒன்பது மணிக்குப் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பேன். முழுசாக எட்டு மணி நேரம். எனக்குப் போய்த் தூக்கமாம்.

இதையெல்லாம் கத்தித்தான் சொன்னேன். அவள் அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எந் தம்பியும் இதத்தான் சொன்னான். மதுரை ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி பூரா ஒயர மாட்டிவிட்டுப் பாத்தாக. படுத்தா தொண்டை அடச்சுக்கிருதாம். மூச்சு நின்னு நின்னு வருதாம். எட்டு மணி நேரம் படுத்தாலும் சரியாத் தூங்குன கணக்கே இல்லையாம். நீங்களும் ஒரு தடவ ஆஸ்பத்திரியில காட்டுங்க."

பின் சீட்டிலிருந்து முனீஸ்வரி வாயைத் திறந்தாள். எங்கள் தெருக்காரி. "அண்ணன் கொறட்ட எங்க வீடு வரைக்கும் கேக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

குறட்டை என்றால் அசந்து தூங்குகிறான் என்றுதானே அர்த்தம்? அதுகூடவா தெரியாது இவர்களுக்கு?

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அஜய்குமாரின் ஜீப்பில் போய் ஏறினார்கள். அவன் மலை ஓட்டப் பழகி மூன்று மாதம் ஆகவில்லை. அவனை நம்பி ஏறினார்கள், என்னை விட்டுவிட்டு.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எங்கள் சங்கத் தலைவர் ஈஸ்வரபாண்டிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லோர் முன்னாலும் சாவியைப் பிடுங்கியதைச் சொன்னேன். தூக்கத்துக்கு ஆஸ்பத்திரி போகச் சொல்கிறாள், இந்த அநியாயம் உலகத்தில் உண்டா என்றேன். அவர் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம் கூடியது. தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டேன். ஆத்திரத்தில்தான், வேறு எதற்கும் இல்லை.

"அவ எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்ணே. இல்லேன்னா சங்கத்துலருந்து எம் பேர..."

யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

கழுத்து மரத்துப் போயிருந்தது. சட்டை நெஞ்சருகில் எச்சிலால் நனைந்திருந்தது. முன்கண்ணாடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்டாண்டில் என் வண்டியைத் தவிர ஒரு ஜீப்பும் இல்லை.

கதவருகே அக்கம்மாள் மட்டும் நின்றிருந்தாள்.

போன் மடியில் கிடந்தது. பேச்சு இன்னும் துண்டிக்கப்படவில்லை. நாற்பத்தொரு நிமிடம் என்று காட்டியது.

எடுத்துக் காதில் வைத்தேன்.

"முழிச்சிட்டியா?" என்றார் ஈஸ்வரபாண்டி. எப்போதும் அதட்டிப் பேசுகிறவரின் குரல் தணிந்திருந்தது. "போன வைக்க மனசு வரலடா. பேசிக்கிட்டே இருந்த, பாதியில கொறட்ட விட்ட. பெறகு ஒரு சத்தமும் இல்ல. செத்துட்டியோன்னு நெனச்சேன். அப்பறம் தொண்டையில தண்ணி சிக்குன மாதிரி இழுத்த. மூச்சு நின்னு நின்னு வந்தத இருபது தடவ வரைக்கும் எண்ணுனேன். அதுக்கு மேல எண்ண முடியல. மூச்சு வர லேட்டானப்பெல்லாம் அந்தக்கா 'தம்பி, தம்பி'ன்னு ஒன்ன உலுக்குனது போன்ல கேட்டுச்சு. நீ பாட்டுக்குத் திரும்பத் தூங்கிட்ட."

அக்கம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் தோட்டத்துக் கத்தி சொருகியிருந்தது. தூக்குவாளி என் வண்டியின் பானட்டின் மேல் இருந்தது.

"நீங்க ஏன்க்கா வேலைக்குப் போகல?" என்று கத்தினேன்.

வேறு எந்தக் குரலும் அப்போது எனக்கு வரவில்லை.

அவள் பானட்டிலிருந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். "மூஞ்சியக் கழுவிட்டு வாங்க தம்பி. தேனி ஆஸ்பத்திரியில சீட்டு வாங்கணும், எட்டு மணி பஸ்ஸப் பிடிச்சாத்தான் ஆகும்" என்றாள்.

முணுமுணுத்துக்கொண்டே குழாயடிக்குப் போனேன்.