இரண்டு பொன்னாடைகள்

சேஃப்டி பின் கொண்டுவரும் பொறுப்பை ரெஜினாவிடம் கொடுத்திருந்தார்கள்.

கொண்டுவந்திருந்தாள். கைப்பையில் பின் பெட்டி, அதற்கடியில் கணவன் மனுவேலின் படம். வாய்க்குள், எம்.பி.யிடம் சொல்ல ஐந்து ஆங்கில வாக்கியங்கள். பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸிலும் முணுமுணுத்துப் பழகியவை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி, எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

எம்.பி. கொடுத்தது கால் மணி நேரம்.

முள்ளித்துறை மாதா கோயிலைக் கொளுத்தியவர்கள் யார் என்று அவர் லண்டன் பாராளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டுதல். இவர்கள் எழுதிக் கேட்டால் ஊர் அரசாங்கத்தின் குப்பைக்கூடைக்குப் போகும். ஒரு அரசாங்கம் கேட்டால் இன்னொரு அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும்.

லண்டனில் முள்ளித்துறைச் சனத்துக்கு இரண்டு சங்கங்கள். முதலில் இருந்தது ஒன்றியம். திருநாள் விருந்தில் ஆட்டிறைச்சிக் கறி கடைசி மேசைக்கு எட்டாத வருடம், அதிலிருந்து பிரிந்தது ஐக்கிய ஒன்றியம். இன்று நீதிக்காக இரண்டும் ஒரே மண்டபத்துக்கு வந்திருந்தன.

ஆளுக்கொரு பொன்னாடையோடு.

போன முறை வந்த கவுன்சிலரின் தோளிலிருந்து பொன்னாடை வழுக்கி விழுந்துவிட்டது. போதாததற்கு அவர் அதை மிதித்தும்விட்டார். அந்தப் படம் ஃபேஸ்புக்கில் போகாத வீடு இல்லை. இனிப் பொன்னாடை விழக்கூடாது என்று இரண்டு சங்கமும் தீர்மானம் போட்டன. அவர்கள் ஒத்துப்போன ஒரே தீர்மானம் அது.

மெழுகுதிரி ஏற்றினார்கள். அணைந்தது. ஜன்னல்களைப் பூட்டிவிட்டு மறுபடி ஏற்றினார்கள்.

அகவணக்கம். செபம். வரவேற்புரை.

ஒன்றியத் தலைவர் செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் தலைமையுரையைப் போர்த்துக்கேயர் கரையிறங்கிய நாளிலிருந்து ஆரம்பித்தார். ஒல்லாந்தர் வந்து சேருவதற்குள் எம்.பி.யின் உதவியாளப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

 வாக்கியங்கள் ஐந்தும் இருக்கின்றனவா என்று ரெஜினா உள்ளுக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மாஸ்டர் எம்.பி.க்குப் பொன்னாடையைப் போர்த்திப் பிடரிக்குக் கீழே பின் குத்தினார். ஐக்கியத் தலைவர் எமிலியானுஸ் விடுவாரா? அதற்கு மேலேயே தன்னுடையதைப் போர்த்தி, கோட்டோடு சேர்த்து ஒரே குத்து. பூட்டிய மண்டபத்தின் ஜூன் வெக்கையில், திருநாளுக்கு உடுத்திய மாதா சுரூபம்போல எம்.பி. நின்றார். வியர்வை மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

உதவியாளப் பெண் எழுந்து அவர் காதில் ஏதோ சொன்னாள்.

மாஸ்டர் ரெஜினாவிடம் குனிந்தார். "ரெஜினாக்கா, நேரம் போயிட்டுது. குறை நினையாதேங்கோ. அடுத்த முறை உங்களைத்தான் முதல் பேச விடுவம். இப்ப படத்தை மட்டும் ஒருக்காத் தூக்கிக் காட்டுங்கோ."

போன முறையும் சொன்னது அடுத்த முறைதான்.

அவள் படத்தைத் தூக்கவில்லை.

எம்.பி. கும்பிட்டார். சிரித்தார். மேல் பொன்னாடையை இழுத்தார்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தார். கோட்டும் சேர்ந்து வந்தது. பிடரிக்குப் பின்னால் கை எட்டவில்லை. உதவியாளப் பெண் சுற்றிப் போனாள். அவள் எங்கே என்று அவர் திரும்பினார். அவள் மறுபடி சுற்றினாள். மாஸ்டரும் எமிலியானுஸும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கௌரவித்த கையாலேயே எப்படிக் கழற்றுவது?

சேஃப்டி பின் ரெஜினாவுடையது. குழந்தையின் இடுப்புத் துணிக்குக் குத்துகிற தடித்த வகையாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தாள்.

எழுந்து போனாள்.

ஒரு சொடுக்கில் திறந்துவிடலாம். திறக்கவில்லை. இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அவருடைய பிடரியைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள்.

என் கணவர் மாதா கோயிலில் மணி அடிப்பவர்.

உங்கள் மாதாவுக்கு எங்கள் மண்ணில் இடமில்லை என்று கத்திக்கொண்டு அவர்கள் வந்தபோது, ஊரை எழுப்ப அவர் உள்ளே ஓடினார்.

அந்த மணிச் சத்தத்தில் எழும்பி ஓடியதால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

அவரை எரித்தது மின்சாரக் கோளாறு என்று விசாரணைக் குழு எழுதி முடித்துவிட்டது.

கடைசி வாக்கியம் மட்டும் ஆங்கிலத்தில் வர மறுத்தது.  மண்டபத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"எங்கட கோயிலுக்குக் கரண்டே இல்லை."

மாஸ்டர் தன் உரைத்தாளைப் புரட்டினார். அதில் ஒல்லாந்தர்தான் இருந்தார்கள். எமிலியானுஸ்தான் முன்னால் வந்து, தட்டுத் தடுமாறி அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

அவள் பிடித்திருந்த பின் திறந்துகொண்டது. மேல் பொன்னாடை கழன்று தரையில் விழுந்தது. யாரும் குனியவில்லை.

உதவியாளப் பெண் கதவைப் பிடித்தபடி நின்றாள். எம்.பி. கதவைப் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து, ரெஜினாவுக்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்தார். சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

கணவருடைய பெயர் என்ன என்று கேட்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பழகிய ஐந்து வாக்கியத்தில் ஒன்றில்கூட மனுவேலின் பெயர் இல்லை.

சொன்னாள். எழுத்தெழுத்தாக.

அவர் தோளில் மிஞ்சிய பொன்னாடையில் இன்னொரு பின் இருந்தது. அதை அவள் தொடவில்லை.