தலை இடிக்கிற வாசல்

"ஆன்ட்டி ரொம்ப ஒசரமோ அங்கிள்?"

அளவு நாடாவை இழுத்துப் பிடித்தபடி கொத்தனார் சதீஷ்குமார் கேட்டான். கமலநாதன் காது கேட்காதவர் மாதிரி கூடத்துக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கேள்வியில் தப்பில்லை. மலேசியாவின் கிள்ளானில் அந்த வரிசையில் மிச்சமிருக்கும் பழைய வீடு அது. சமைக்கிற குசினி பின்னால் ஒட்டவைத்தது. கூடத்திலிருந்து ஒரு படி இறங்கித்தான் குசினிக்குள் போக வேண்டும். இறங்கும்போதே தலையையும் தாழ்த்தியாக வேண்டும். நிலை அவ்வளவு குட்டை. அதை உயர்த்தினால்தான் வீட்டுக்காரி திரும்பி வருவாள் என்று, வேலைக்கு ஆள் தேடும்போதே கமலநாதன் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி சந்திரகலா டெங்கிக் காய்ச்சலில் விழுந்தபோது, மகள் விஷ்ணுப்ரியா பந்திங்கிலிருந்து வந்து தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

காய்ச்சல் விட்டது. உடம்பில் தெம்பும் வந்தது. சந்திரகலா மட்டும் வரவில்லை.

கமலநாதன் முதலில் முறுக்கிக்கொண்டுதான் இருந்தார். எத்தனை நாளைக்கு முறுக்க முடியும்? கடைச்சாப்பாடு வயிற்றைக் கெடுத்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். சாயங்காலமானால் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. கடைசியில் அவரே போன் போட்டு, எப்போது வருகிறாய் என்று கேட்டார்.

"அந்த வாசல ஒசத்துங்க. ஒசத்திட்டுச் சொல்லுங்க, வரேன்."

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

சதீஷ்குமார் ஏணியில் ஏறிச் சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். குசினியின் தகரக் கூரை நிலைக்கு நேர் மேலேதான் சுவரில் உட்கார்ந்திருந்தது. வாசலை உயர்த்தினால் கூரையையும் தூக்கியாக வேண்டும். அதற்குப் பதில் படியைக் கூடத்துப் பக்கம் தள்ளி வெட்டினால் கொஞ்சம் உயரம் கிடைக்கும், வேலையும் சுருக்க முடியும் என்றான்.

"கொஞ்சம்லாம் பத்தாது லா. நிமிந்து போகணும். கூரையத் தூக்கு."

அரைகுறையாக முடித்தால் அவள் பாதி வழியில் காரைத் திருப்பச் சொல்லிவிடுவாள் என்று கமலநாதனுக்குப் பயம்.

அன்று மாலை சதீஷ்குமார் புதுக்கோட்டையிலிருக்கும் தன் மனைவி ரோகிணியிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னான். பொண்டாட்டி தலை இடிக்கக் கூடாதென்று கூரையையே தூக்குகிற மனுஷன் என்று சொன்னான். சொல்லியிருக்கக் கூடாது. ரோகிணி நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயை எப்போது சரிசெய்யப் போகிறாய் என்று ஆரம்பித்து நிறுத்தவே இல்லை.

நிலையைப் பெயர்ப்பதற்கு முன் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டே ஆக வேண்டும் என்று அவன் ஒரே பிடியாக நின்றான். கமலநாதன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் கடையில் வாங்கி வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டபோதும் கடையிலிருந்து பாட்டிலாகத்தான் வந்தது. மஞ்சள் டப்பாவும் தண்ணீர்ப் பானையும் குசினியில் கண்ணுக்கு நேராக இருந்தன. தாராள மனசு என்று சதீஷ்குமார் நினைத்துக்கொண்டான்.

நிலை இரும்பு மாதிரி கெட்டியான செங்கால் மரம். கடப்பாரைக்கு அசையாமல் அடம்பிடித்தது. தகரத்தைக் கழற்றிய மத்தியானம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சட்டி பானையெல்லாம் நனைந்தன. கமலநாதன் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வேலை முடியுமா முடியுமா என்று கேட்டே ஆளைக் கொன்றார்.

வாசலுக்கு மேல் போட்ட லிண்டல் இறுகி, பூச்சும் காய்ந்த பிறகு சந்திரகலாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினார். பதில் இல்லை. அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வெளிக்கதவருகே போய் நின்றுகொண்டார்.

சதீஷ்குமார் நிலைக்கு இரண்டாவது கை சாயம் அடித்துக்கொண்டிருந்தபோது விஷ்ணுப்ரியாவின் கார் வந்து நின்றது. சந்திரகலா துணிப்பையோடு இறங்கினாள்.

அவன் அவளைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். திரும்பவும் அவளைப் பார்த்தான்.

கமலநாதனின் நெஞ்சளவுதான் இருந்தாள். பழைய நிலை அப்படியே இருந்திருந்தாலும் அவள் தலைக்கு மேல் ஒரு சாண் மிச்சம் இருந்திருக்கும்.

அந்த வாசல் சந்திரகலாவை ஒரு நாளும் இடித்ததில்லை. கமலநாதனைத்தான் இடித்தது, அதுவும் வாய்ப்பேச்சில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, குசினியிலிருந்து எதை எடுத்துவரச் சொன்னாலும் தலை இடிக்கும் என்பார். டெங்கியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்து, அவள் ஒரு டம்ளர் சுடுதண்ணீர் கேட்ட அன்றும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு, வந்து அம்மாவுக்குத் தண்ணீர் வைத்துக் கொடு என்று பந்திங்கிலிருந்த மகளுக்குப் போன் போட்டார்.

சந்திரகலா குசினிப் பக்கம் போகவில்லை. கூடத்தில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். புது வாசலை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "அன்னைக்குக் கேட்டேனே சுடுதண்ணி, இப்பக் கொண்டாங்க."

கமலநாதன் போனார். தலை எங்கும் இடிக்கவில்லை.